கேசட்டின் இரைச்சலும் வன்தட்டின் காந்த மணிகளும்

கேசட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் 1970களிலும் 80களிலும் வளர்ந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. பேட்டரி போட்ட ரேடியோ கேசட் ஒன்று லயத்தில் இருந்தால் போதும், திருவிழாப் பாட்டும் கல்யாண வீட்டுப் பேச்சும் அதில் ஏறிவிடும். அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தத்தை மிஷின் கோளாறு என்றே பலரும் நினைத்தார்கள். தலையைத் துடைத்துப் பார்த்தார்கள், பேட்டரியை மாற்றிப் பார்த்தார்கள். சத்தம் போகவில்லை. காரணம், அது மிஷினில் இல்லை, நாடாவின் மேல் பூசிய பொடியில் இருந்தது. அந்தச் சத்தத்தை அடக்கப் புறப்பட்ட கதையின் பின்பாதிதான் இன்றைய கணினி வன்தட்டு.

மலாக்கா வரலாறு படித்தவர்களுக்கு 1896 ஆம் ஆண்டு தெரியும். டான் சாய் யான் என்ற மலாக்கா சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் கன்று நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். பின்னர் அதே முயற்சி புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரிந்தது. தமிழர்களின் கப்பல் பயணமும் பால்வெட்டும் அதன் பின்னாலேயே வந்தன. இரண்டே ஆண்டு கழித்து, 1898ல், டென்மார்க்கில் வால்டமார் பவுல்சன் என்ற பொறியாளர் எஃகுக் கம்பியில் காந்தத்தால் குரலைப் பதியலாம் என்று காட்டினார். 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அந்தக் கருவியில் பேசினார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. பேரரசரின் குரல் காந்தத்தில் நின்றுவிட்டது. அதே காலத்தில் கப்பலில் வந்த நம்மவரின் குரல் எதிலும் நிற்கவில்லை.

கம்பி நாடாவானது. 1928ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் புளூமர் காகிதத்தில் இரும்புப் பொடியைப் பூசிக் காட்டினார். 1963ல் பிலிப்ஸ் நிறுவனம் கையடக்கக் கேசட்டைக் கொண்டுவந்தது. அதன் நாடாவில் இருப்பது பழுப்பு நிற இரும்பு ஆக்சைடு. ஊசி ஊசியான துகள்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நீளம். ஒவ்வொரு ஊசியும் ஒரு குட்டிக் காந்தம். அதற்கு இரண்டே திசைதான், முன்னால் அல்லது பின்னால். பாதி முன்னால், பாதி பின்னால் என்று ஓர் ஊசி நிற்க முடியாது.

பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கூடி ஒரே குரலில் கத்தினால், ஒருவர் முந்துவதும் ஒருவர் பிந்துவதும் தனியாகக் கேட்கும். ஆயிரம் பேர் கத்தினால் அந்தப் பிசிறு அமுங்கிவிடும். கணக்கு இதுதான்: ஆட்கள் நூறு மடங்கானால் சேர்ந்த குரல் நூறு மடங்காகும், பிசிறோ பத்து மடங்குதான் கூடும். நாடாவிலும் இதே கணக்கு. வானொலி நிலையத்து நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடியது, கேசட்டோ 4.76 சென்டிமீட்டர்தான். ஓடும் வேகமும் குறைவு, நாடாவின் அகலமும் குறைவு. அதனால் ஒவ்வொரு வினாடிக்கும் வாய்திறக்கும் ஊசிகளும் குறைவு. 'ஸ்ஸ்ஸ்' அதனால்தான் வந்தது.

இனிக் கணினிக்கு வருவோம். 1956ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. ஒரு டன் எடை. ஆனால் அதில் பிடித்தது ஐம்பது லட்சம் எழுத்து மட்டும். அந்தத் தட்டின் மேல் பூசியிருந்ததும் இரும்பு ஆக்சைடு கலந்த பெயின்ட் போன்ற கலவையே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் பூச்சே தொடர்ந்தது. பிறகு அது போதவில்லை. பூச்சில் பாதிக்கு மேல் பசைதான், காந்தம் கொஞ்சம்தான். பசையே இல்லாமல் உலோகத்தை மட்டும் மெல்லிய படலமாக ஏற்றினால் என்ன? அப்படி வந்ததுதான் கோபால்ட் படலம்.

அதை ஏற்றும் விதம் சுவையானது. காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் கொஞ்சம் ஆர்கான் வாயு விடுவார்கள். மின்னேற்றம் பெற்ற ஆர்கான் அணுக்கள் கோபால்ட் பாளத்தின்மேல் மோதும். சுவரில் கல்லெறிந்தால் காரை தெறிப்பதுபோல் கோபால்ட் அணுக்கள் தெறித்துப்போய், எதிரே உள்ள தட்டில் படியும். சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். படலம் மிக மெலிது, வழவழப்பானது, வலுவான காந்தம் கொண்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் படித்துப் பார்த்தபோது மறுபடியும் இரைச்சல்!

இந்த இரைச்சல் கேசட் இரைச்சல் மாதிரி இல்லை. நாடாவில் எங்கே பார்த்தாலும் 'ஸ்ஸ்ஸ்' உண்டு. கோபால்ட் படலத்திலோ ஒரே திசையில் காந்தமேறிய இடம் அமைதியாகக் கிடக்கும். ஒரு திசை முடிந்து மறு திசை தொடங்கும் எல்லையில்தான் சத்தம். கணினி தன் ஒன்றையும் சுழியையும் அந்த எல்லைகளில்தான் எழுதுகிறது. ஆகவே எவ்வளவு நெருக்கி எழுதுகிறோமோ அவ்வளவு இரைச்சல்.

ஏன் அப்படி? இதற்கு ரப்பர் தோட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தோட்டம். நடுவில் எல்லைக்கோடு போடவேண்டும், ஆனால் ஒரு மரத்தைக்கூட இரண்டாகப் பிளக்கக் கூடாது. மரம் முழுதாக இந்தத் தோட்டத்துக்கு, அல்லது முழுதாக அந்தத் தோட்டத்துக்கு. கோடு நேராகப் போகுமா? மரத்தைச் சுற்றி வளைந்து வளைந்துதான் போகும். கோபால்ட் படலமும் அப்படியே. பார்வைக்கு வழவழப்பு, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் நெல்மணிகளை நெருக்கிப் பரப்பியது போன்ற படிக மணிகள். எல்லை அந்த மணிகளைச் சுற்றித்தான் வளைகிறது. அந்த வளைவுதான் இரைச்சல்.

அதோடு முடியவில்லை. மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், ஒன்று திரும்பும்போது பக்கத்து மணியையும் இழுத்துக்கொண்டு திரும்பும். பழைய லயங்களில் வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு, அதுவும் கூரைவரை எட்டாது. முதல் வீட்டில் சண்டை என்றால் ஆறாம் வீடுவரை கேட்கும். அதே கதைதான். இருபது முப்பது மணிகள் ஒரு கும்பலாகத் திரும்பினால் எல்லை இன்னும் பெரிய வளைவாக வளையும்.

அப்படியானால் மருந்து என்ன? மணிகளுக்கு நடுவே சுவர் எழுப்பவேண்டும்! இதை முன்கூட்டிச் சொன்னவர்களில் ஒருவர் டூ சென். தைவானிலிருந்து அமெரிக்கா போன ஆய்வாளர். உலோகப் படலத்தின் நுண்ணமைப்புக்கும் எவ்வளவு நெருக்கி எழுதலாம் என்பதற்கும் உள்ள தொடர்பை 1981ல் கட்டுரையாக எழுதினார். 1983ல் கோமாக் என்ற தட்டு நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கினார். ஆர்கான் அழுத்தத்தைக் கூட்டினால் மணிகள் தனித்தனித் தூணாக வளர்ந்து, இடையில் வெற்றிடம் விழுகிறது, இரைச்சலும் குறைகிறது என்று அவரும் யமாஷிதாவும் 1988ல் காட்டினார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவின் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் ஜூவும் பெர்ட்ராமும் மணிகளைக் கணினிக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, சுவர் இருந்தால் எல்லை எப்படி நேராகிறது என்று கணக்குப் போட்டார்கள். தொழிற்சாலைகள் வேறொரு வழியையும் பிடித்தன. கோபால்ட்டோடு குரோமியத்தைக் கலந்து சூடேற்றினால், குரோமியம் மணிக்குள் இருக்காமல் ஓரத்துக்கு ஒதுங்கி, தானே சுவராகிவிடும். பிளாட்டினம் கலந்தால் மணி தன் திசையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இது ஏறத்தாழச் சமையல்தான். பக்குவம் தெரிந்தவரே பிழைத்தார்.

இந்தக் கதை மலேசியாவுக்குள் நுழைவது இங்கேதான். 1971ல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. மலாக்காவில் பத்து பெரெண்டாமும் தஞ்சோங் கிளிங்கும் அப்படிப்பட்ட வட்டாரங்களாயின. சீமென்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் போன்ற சில்லுத் தொழிற்சாலைகள் வந்தன. ரப்பர் விலை சரிந்து, தோட்டங்கள் துண்டுபோடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன அந்தக் காலத்தில், தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப்போன பெண்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தனர். தாய் நிரையில் பால் வெட்டினாள், மகள் நுண்ணோக்கியின் கீழே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டினாள். ஒரே தலைமுறையில் இந்தத் தூரம் சாதாரணமானதல்ல. ஆனால் அந்தச் சில்லுக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. அது அவள் குற்றமல்ல.

மலாக்காவுக்குச் சில்லு வந்தது, காந்தத் தட்டு பினாங்குக்கும் சரவாக்குக்கும் போனது. கோமாக் 1990களில் பினாங்கில் ஆலை அமைத்தது. 2001ல் கடன் சுமையில் சிக்கியபோது அமெரிக்க உற்பத்தியை நிறுத்தி மலேசியாவையே நம்பியது. 2007ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை வாங்கியது. உலகம் முழுவதும் போன லட்சக்கணக்கான கணினிகளின் தட்டுகள் இந்த நாட்டில் படலம் பூசப்பட்டவை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெற்கே சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே 1992ல் தேசியப் பல்கலைக்கழகத்தில் காந்தத் தொழில்நுட்ப மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது 1996ல் தரவுச் சேமிப்புக் கழகம் என்று பெயர் மாறியது. அங்கு ஆய்வு செய்தவர்களில் ஒருவர் எஸ். என். பிரமநாயகம். செங்குத்துப் பதிவுத் தட்டுகளைப் பற்றி 2007ல் அவர் எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரை அத்துறையில் பலரும் எடுத்துக்காட்டும் கட்டுரை. மலாக்காவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், ஒரு தமிழ்ப் பெயர் இந்த மணிகளின் சுவரைப் பற்றிப் பாடம் எழுதியது. அந்தக் கழகம் இப்போது இல்லை, கட்டுரை இருக்கிறது.

செங்குத்துப் பதிவு ஏன் வேண்டியிருந்தது? மறுபடியும் ரப்பர் கன்றுதான். எல்லை நேராகவேண்டுமானால் மரம் சிறிதாக இருக்கவேண்டும். சரி, சிறிதாக்கு, இன்னும் சிறிதாக்கு என்று போனால் என்ன ஆகும்? பெரிய மரம் காற்றில் நிற்கும், கன்று சாய்ந்துவிடும். மணி ஓர் அளவுக்குக் கீழே போனால், அறையின் சாதாரண வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். யாரும் அழிக்காமலே எழுதியது அழியும். 1997ல் அமெரிக்கப் பேராசிரியர் சராப்பும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்கிட்டு, சதுர அங்குலத்துக்கு 36 கிகாபிட் அளவோடு கதை முடியும் என்றார்கள். இறுக்கமாகத் திசை பிடிக்கும் உலோகத்தைப் போட்டால் தீராதா? போடலாம், ஆனால் அதன்மேல் எழுத எழுதுதலைக்கு வலு போதாது. மணி சிறிதாகவேண்டும், நிலைக்கவேண்டும், எழுதவும் முடியவேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவதில்லை.

தப்பும் வழியை ஜப்பானில் தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் ஷுனிச்சி இவாசாக்கி 1977லேயே சொல்லிவைத்திருந்தார். காந்தங்களைப் பாயில் படுக்கவைக்காமல் எழுந்து நிற்கவையுங்கள் என்றார். படுத்தால் தலையும் தலையும் முட்டும், நின்றால் நெருங்கி நிற்கலாம். மணியும் உயரமாக இருக்கலாம், ஆகவே சாயாது. கேட்க ஆளில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2005ல்தான் தோஷிபா அப்படியொரு வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் சுவர் வேலையை ஆக்சைடு செய்தது, ஏறத்தாழக் கண்ணாடிச் சுவர். அடுத்த சில ஆண்டுகளில் எல்லா நிறுவனமும் அதற்கே மாறின. சராப் சொன்ன எல்லை இருபது முப்பது மடங்கு தாண்டப்பட்டது. இப்போது இரும்பு, பிளாட்டினம் கலந்த மணிகளை லேசர் ஒளியால் ஒரு கணம் சுடவைத்து எழுதும் தட்டுகளும் சந்தைக்கு வந்துவிட்டன.

இதில் தோட்டத்துக்காரர்களுக்கு என்ன இருக்கிறது? இருக்கிறது. 1967ல் புக்கிட் அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை நடந்தே போனார்கள். அன்று இளைஞர்களாக நடந்தவர்களுக்கு இன்று எண்பது வயது. அவர்கள் வீட்டில் பேசியது, பாட்டி பாடிய தாலாட்டு, கோயில் திருவிழாவின் உறுமி எல்லாம் எங்கேயாவது இருந்தால் அது பழைய கேசட்டில்தான் இருக்கும். அந்த நாடாவில் காந்தம் போகாது, அந்த ஊசிகள் பெரியவை, வெப்பத்துக்கு அசையமாட்டா. போவது பசைதான். மலாக்காவின் ஈரக்காற்றில் பசை ஊறிப் பிசுபிசுத்து, பழுப்புப் பொடி உதிர்ந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணமும் பிடிக்கும்.

வன்தட்டில் ஏற்றிவிட்டால்? இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு மணி நேரக் கேசட்டின் நாடா ஏறத்தாழ 90 மீட்டர். குறுந்தட்டுத் தரத்தில் மாற்றினால் 635 மெகாபைட். இன்றைய தட்டின் பரப்பில் அதற்கு ஒரு கடுகு உட்காரும் இடம் போதும். ஆனால் அங்கே ஒவ்வொரு எழுத்துத் துணுக்கையும் தாங்குவது ஏறத்தாழப் பத்து மணிகள். அந்த மணிகள் பத்தாண்டு திசை மாறாமல் நின்றால் போதும் என்பதே தொழிலில் வைத்துக்கொண்ட அளவுகோல். பழைய கேசட்டில் ஊசிகள் உறுதி, பசை பலவீனம். புதிய தட்டில் பசையே இல்லை, மணிகளுக்கோ கெடு வைத்திருக்கிறது. அப்பாவின் குரலை 2010ல் வன்தட்டில் ஏற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று கேசட்டைத் தூக்கிப்போட்ட வீடுகளில், அந்தக் கெடு முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.