உயர்தர வகுப்பில் திறனாய்வு

நல்லதண்ணியிலிருந்து பார்த்தால் மலை ஒன்றுதான். சைவர்களுக்கு அது சிவனொளிபாதம், பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத, நமக்குப் பாவாதமலை. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காணவே அதில் ஏறினார். ஒரே பாறைத்தடத்தை மூன்று சமூகங்கள் மூன்று விதமாக வாசிக்கின்றன. திறனாய்வுக் கொள்கை என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் யன்னல் வழியே அந்த மலையைத்தான் காட்டுகிறேன். ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தச் சிந்தனை நம் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்த கதை நினைவுகூரத்தக்கது. பண்டித மரபில் பதவுரை, பொழிப்புரை, அணி, நயம் என்பனவே பாடம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். செய்யுளைப் பிரிக்கத் தெரியாதவரால் அதை விமர்சிக்கவும் முடியாது. ஆயினும், பாடியவர் யார், யாருக்காகப் பாடினார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடம் குறைவு.

1951இல் வெளிவந்த வி. செல்வநாயகத்தின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ ஒவ்வொரு காலத்து இலக்கியத்தையும் அக்காலத்து அரசியல், சமூகப் பின்னணியோடு சேர்த்துக் காட்டியது. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பை ஆராய்ந்த ம.மு. உவைஸின் ஆங்கில நூல் 1953இல் வந்தது. எது தமிழிலக்கியம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அதற்குள் பொதிந்திருந்தது.

க. கைலாசபதி பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதைகளோடு ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளியானது. திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வாய்மொழிப் பாணரின் தொழில்நுட்பமாக அவர் கண்டார். அவருடைய முற்போக்கு அணியைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களுள் முக்கியமானவர் மு. தளையசிங்கம். அவரும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரே என்பதை நாம் மறக்கலாகாது. பின்னர் எம்.ஏ. நுஃமானின் ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ 1987இல் வந்தது. ஆக, நாம் மாணவருக்குக் கொடுக்கும் ‘கொள்கை’ முடிந்த முடிபு அல்ல. அது ஒரு விவாதம்.

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். பயிற்சிக் கலாசாலையிலிருந்து வந்த புதிதில், மார்க்சியத் திறனாய்வைப் புள்ளி புள்ளியாகக் குறிப்புக் கொடுத்தேன். பிள்ளைகள் மனனம் செய்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். அடுத்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. லயத்தில் பிறந்து, கொழுந்து பறிக்கும் தாயின் கூலியில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, “அம்மக்கள் சுரண்டப்பட்டனர்” என்று எழுதியிருந்தாள். மற்றைய தாள்களிலும் அதே வசனம்தான். தன் தாயைக் குறித்து அவளை ‘அம்மக்கள்’ என்று எழுத வைத்தது என்னுடைய குறிப்பு. அன்று அந்தத் தாள்களுக்குப் புள்ளியிட என் கை எழவில்லை.

அதன்பின் குறிப்பை நிறுத்திவிட்டு, கைலாசபதியின் கருத்தைக் கேள்வியாக மாற்றினேன். ஒரே தொடர் ஏன் பல பாடல்களில் வருகிறது? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், “சேர், எங்க அப்பாயி ஒப்பாரி வைக்கும்போதும் அப்பிடித்தான். யார் செத்தாலும் பாதி வரி ஒண்ணுதான்” என்றான். இன்னொருவன் காமன்கூத்தைச் சொன்னான். ஈராயிரம் ஆண்டுப் பழைமையான கவிதை லயத்து வாசலுக்கு வந்துவிட்டது.

எழுத்துப்பிழையே தீராத பிள்ளைகளுக்குக் கொள்கை எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கவலை நியாயமானது. எழுத்துப்பிழையை நானும் திருத்தத்தான் வேண்டும். ஆனால் தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை மட்டுமே வாசித்து வளர்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு, “இதை எழுதியவர் யார், எங்கே நின்று எழுதுகிறார்?” என்று கேட்கும் பழக்கம் ஆடம்பரம் அல்ல. பரீட்சைக்குப் பிறகும் அவர்களிடம் அந்தக் கேள்வி தங்கினால் போதும்.