செத்த பிறகா, இருக்கும்போதா?

'பயாப்ஸி எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னதுமே கை கால் உதறுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

ஒரு காலத்தில், உடம்புக்குள் நோய் என்ன செய்தது என்பது பெரும்பாலும் ஆள் செத்த பிறகுதான் தெரியும். இத்தாலியின் பதுவா நகரப் பேராசிரியர் மோர்கான்யி, சுமார் 700 சடலங்களை அறுத்துப் பார்த்த விவரங்களை 1761-ல் புத்தகமாக்கினார். நோய்க்கு உறுப்புகளில் ஓர் இருப்பிடம் உண்டு என்பது புரிந்தது. நோயாளிக்கு என்ன லாபம்? அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே!

1879-ல் பாரீஸ் தோல் டாக்டர் பெஸ்னியே 'பயாப்ஸி' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் 'பயோஸ்' உயிர், 'ஆப்ஸிஸ்' பார்ப்பது. உயிரோடு இருக்கும்போதே துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அவ்வளவுதான்!

ரிப்போர்ட்டில் கட்டி 'பினைன்' என்றிருந்தால் புற்றுநோய் இல்லை. 'மாலிக்னன்ட்' என்றால் புற்றுநோய். புரியலையா? 'தமிழ்ல சொல்லுங்க டாக்டர்' என்று தயங்காமல் கேளுங்கள். மோர்கான்யியின் மேஜையில் கிடந்தவர்களால் கேட்க முடியாமல் போன கேள்வி அது!