பிழைத்தவர்களின் கணக்கு

கொரோனா சமயத்தில் டிவியில் அடிக்கடி வந்த அமெரிக்க டாக்டர் ஆண்டனி ஃபௌசியைப் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குச் சுமார் ஐம்பது வருடம் முன்பு அவர் கைவைத்த வியாதி வேறு.

அப்போது அதற்கு வெஜனர் வியாதி என்று பெயர். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த ரத்தக் குழாய்களையே தாக்கும். மூக்கு, காது, நுரையீரல், சிறுநீரகம்... எதையும் விடாது. 1936-ல் இதை விவரித்த ஜெர்மானியர் ஃப்ரெட்ரிக் வெஜனரின் பெயர் ஒட்டிக்கொண்டது. (அவர் நாஜிக் கட்சிக்காரர் என்பது பிற்பாடு வெளியே வந்தது. 2011-ல் வியாதியின் பெயரை மாற்றினார்கள். சரியான முடிவுதான், ஆனால் புதுப் பெயர் வாயில் நுழையாது!)

1958-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் தந்த கணக்கு பயங்கரமானது. நோயாளிகள் சராசரியாக 5 மாதம்தான் இருந்தார்கள். நூற்றுக்கு 82 பேர் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை.

ஃபௌசியும் ஷெல்டன் வுல்ஃபும் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற புற்றுநோய் மருந்தை ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் உலகப் போரின் மஸ்டர்ட் விஷவாயு வம்சத்தில் வந்த மருந்து அது! 1983-ல் வெளியிட்ட முடிவில், 85 பேரில் நூற்றுக்கு 93 பேருக்கு வியாதி முழுதாக அடங்கியிருந்தது.

இதோடு நிறுத்தினால் சினிமா மாதிரி சுபம் போட்டுவிடலாம். ஆனால் லாபத்தை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகுமா?

1992-ல் அதே நிலையம் (ஃபௌசியும் சேர்ந்துதான்) செலவுப் பக்கத்தையும் எழுதியது. 158 நோயாளிகளைச் சராசரியாக 8 வருடம் கவனித்திருந்தார்கள். வியாதி அடங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது திரும்பி வந்தது. 86 சதவீதம் பேருக்கு அது நிரந்தரப் பாதிப்பை விட்டுச் சென்றது. ஒருவருக்குச் சிறுநீரகம் போனது, ஒருவருக்குக் காது, இன்னொருவருக்கு மூக்கே உள்வாங்கியது. 42 சதவீதம் பேருக்கு மருந்தாலேயே நிரந்தரக் கெடுதல். ஸ்டீராய்டால் சர்க்கரை, கண்புரை, எலும்புத் தேய்மானம். சைக்ளோஃபாஸ்ஃபமைடால் பெண்கள் சிலருக்குக் குழந்தை பெறும் வாய்ப்பே போனது.

ஒரு வியாதியோடு ஆஸ்பத்திரிக்குள் போனவர் நாலைந்தோடு வெளியே வந்தார். ஒவ்வொன்றுக்கும் தனி டாக்டர், தனி மாத்திரை. ஒன்றுக்குச் சாப்பிடும் மாத்திரை இன்னொன்றைக் கெடுக்கும். 1950-களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதுவரை அவர்கள் உயிரோடு இருக்கவில்லை.

ஃபௌசி குழுவைக் குறை சொல்ல முடியாது. தங்கள் மருந்தின் கெடுதலைத் தாங்களே எண்ணிச் சொன்னதால்தான் மற்றவர்கள் அளவைக் குறைக்கவும் மாற்று தேடவும் ஆரம்பித்தார்கள். 2011-ல் ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதிலும் நோய்த்தொற்று பயம் உண்டு.

பழைய மருந்தை நிறுத்திப் பல வருடம் கழித்தும் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரலாம். அதனால் அதை அதிகமாகச் சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் விட முடியாது.