பெரிய மேசை, பெரிய படகு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே போகையில், காலாப்பட்டு வருவதற்கு முன்னால் பிள்ளைச்சாவடி. அங்கே ஒரு மீனவர் குடியிருப்பு உண்டு. பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கும் வளாகமும் அங்கேதான். நிகழ்தகவுப் பாடமும் வலை காயும் மணலும் ஒரே அஞ்சல் முகவரியில் இருப்பதால், இந்த ஒப்பீட்டுக்கு அந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஒப்பிட எடுத்துக்கொண்டவை இரண்டு கேள்விகள். ஆன்லைன் போக்கரில் கால்வைத்த ஒருவர் எப்போது அடுத்த பந்தயத் தொகைக்கு ஏறலாம்? கரையோரம் தொழில் செய்யும் மீனவர் எப்போது அடுத்த அளவுப் படகுக்கு மாறலாம்?

முதல் கேள்வி இன்று இந்தியாவில் சட்டப்படி எழாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, அவை திறமையோ அதிர்ஷ்டமோ, வழங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; உள்நாட்டுப் போக்கர் நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் புதுச்சேரிக்கு இன்னொரு கரை இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் வாழும் புதுச்சேரிக் குடும்பங்கள் ஏராளம். பிரான்ஸ் 2010 முதல் இணையப் போக்கருக்கு உரிமம் கொடுத்து வருகிறது. ஆகவே கணக்கை யூரோவிலேயே போடுவோம்.

1-2 சென்ட் மேசையில் வழக்கமான நுழைவுத் தொகை 2 யூரோ. அதைப்போல் முப்பது மடங்கு, அதாவது 60 யூரோ, கையிருப்பாக இருக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்களிடையே பரவலான விதி. அடுத்த படியான 2-5 சென்ட் மேசைக்கு அதே விதி 150 யூரோ கேட்கிறது. இடையில் ஈட்ட வேண்டியது 90 யூரோ. நூறு ஆட்டத்துக்கு ஐந்து பெரிய பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் இரண்டு தொகைகளில் பெரியது; இங்கே 2 சென்ட்) லாபம் என்பது தொடக்கக்காரருக்கு நல்ல வேகம். அந்த வேகத்தில் இதற்கு 90,000 ஆட்டங்கள் ஆடியாக வேண்டும். ஒரே மேசையில் மணிக்கு எழுபது ஆட்டம் என்று வைத்தால் ஏறத்தாழ 1,300 மணி நேரம். மணிக்கு ஏழு சென்ட் வருமானம். இந்த எண்ணைப் பார்த்ததும் பெரும்பாலோர் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பையிலிருந்து பணம் கட்டி மேலே ஏறுவார்கள்.

படகுப் பக்கமும் ஏணி இப்படித்தான் அமைந்திருக்கிறது. கட்டுமரத்துக்கு எரிபொருள் கிடையாது. மீன்பாடு இல்லாத நாளில் இழப்பு உடம்பு வலி மட்டும். வெளிப்புற மோட்டார் பூட்டிய ஃபைபர் படகில் ஏறியதும், மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் எண்ணெய்ச் செலவு உண்டு. விசைப்படகில் அது டீசல், ஐஸ், பல நாள் சாப்பாடு, ஆள்கூலி என்று விரிகிறது. மேசையில் பிளைண்ட் செய்கிற வேலையைக் கடலில் எண்ணெய் செய்கிறது. சும்மா இருப்பதற்கே ஒரு விலை வைத்து, படி ஏற ஏற அந்த விலையைப் பெருக்குகிறது.

ஏறத் தூண்டுவதும் இரண்டிலும் ஒன்றே: தொடர்ந்து சில நல்ல நாட்கள். அவை எவ்வளவு நம்பத்தக்கவை? போக்கருக்கு விடை எண்ணிலேயே உண்டு. ஆறு பேர் மேசையில் நூறு ஆட்டத்துக்கான திட்ட விலக்கம் சுமார் 90 பெரிய பிளைண்ட் என்று கொண்டால், 10,000 ஆட்டத்தில் எதிர்பார்க்கும் லாபம் 500. ஏற்ற இறக்கமோ 900. உண்மையிலேயே வெல்லத் தெரிந்தவர்கூடப் பத்துக்கு மூன்று முறை இத்தனை ஆட்டத்துக்குப் பிறகும் நட்டத்தில் நிற்பார். லாபமும் நட்டமும் அற்ற சராசரி ஆட்டக்காரரோ பாதி முறை லாபத்தில் நின்று, தான் தேறிவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

கடலில் இந்தக் கணக்கு போட முடிவதில்லை. சீட்டுக்கட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைக்கப்படுகிறது. போன ஆட்டத்தின் நினைவு அதற்கில்லை. கடலுக்கு நினைவு உண்டு. பருவம், நீரோட்டம், பக்கத்து ஊர்க்காரரின் சுருக்குமடி வலை எல்லாம் நேற்றையும் இன்றையும் பிணைக்கின்றன. போக்கரில் ஒருவர் தோற்கும் இரவில் எதிரே ஒருவர் வெல்கிறார். கடல் கைவிரிக்கும் வாரத்தில் ஊர் முழுக்கச் சேர்ந்து கைவிரிக்கிறது. கைமாற்று கொடுக்க எவரிடமும் இருக்காது. அதனால் மீனவரின் கையிருப்பு போக்கர்காரருடையதைவிடப் பெரிதாக இருந்தால்தான் சரி. நடப்பில் அது சிறிதாகவே இருக்கிறது.

சம்பாதிக்காத ஏற்றம் இரண்டு உலகங்களிலும் உண்டு. சின்ன நுழைவுக் கட்டணத்தில் ஒரு டோர்னமெண்டை வென்றவர் கையில் திடீரென்று பெரும் தொகை சேர்கிறது. மறுநாளே மூன்று படி தாண்டி உட்கார்ந்துவிடுகிறார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் அதே கதை வேறு உருவில் நடந்தது. நிவாரண அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. கட்டுமரக்காரரும், அடுத்தவர் படகில் பங்குக்குப் போனவரும் ஒரே ஆண்டில் படகுக்காரர் ஆனார்கள். படகுகள் பெருகின, ஏறிப்போக ஆள் குறைந்தது, மீன் மட்டும் பெருகவில்லை. இழந்தவருக்குக் கொடுத்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பணம் கையில் இருப்பது ஏறுவதற்கான ஒரு நிபந்தனைதான். மேல் படியில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

மேல் படியில் ஆட்களும் மாறுகிறார்கள். 1-2 சென்ட் மேசையில் எல்லாச் சீட்டுக்கும் பணம் போடும் பொழுதுபோக்காளர் அதிகம். மேலே போகப் போக அவர்கள் குறைந்து, கணக்கு வைத்து ஆடுபவர்கள் மிஞ்சுவார்கள். கீழே ஐந்து வென்றவர் மேலே ஒன்று வெல்வதே பெரிது. பிள்ளைச்சாவடியிலோ ஆட்களோடு கரையே மாறிவிடுகிறது. ஃபைபர் படகை மணலில் இழுத்துப் போடலாம். விசைப்படகு வாங்கினால் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில்தான் கட்ட வேண்டும். இழுத்துப் போடும் மணலுக்கும் இப்போது தட்டுப்பாடு. புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980-களில் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிட, வடக்கே உள்ள குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. பிள்ளைச்சாவடி வீடுகளையே இழந்தது. மேலே ஏறலாமா என்று யோசிப்பவருக்குக் காலடியில் நிற்கும் படியே கரைவது போக்கர்காரர் அறியாத நெருக்கடி என்று எழுத நினைத்தேன். ஆனால் 2011 ஏப்ரல் 15-இல் இணையப் போக்கர் தளங்கள்மீது அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்த பிறகு, ஃபுல் டில்ட் என்ற தளத்தில் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரப் போதிய பணமே இல்லை என்பது வெளிவந்தது. கையிருப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஒரு மேசையில் வைப்பதில்லை என்ற பொது விதியோடு பூஜ்யத்திலிருந்து 10,000 டாலர் சேர்த்துக் காட்டி, படியேற்றத்துக்கே இலக்கணம் வகுத்த கிறிஸ் ஃபெர்குசன் அந்த நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். இன்று உரிமமற்ற வெளிநாட்டுத் தளத்தில் பணம் போட்டுக் கையிருப்புக் கணக்கு எழுதுபவரும் அதே மணலில்தான் நிற்கிறார்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது கடன் ஏற்பாடு. மீன் ஏலம் எடுப்பவரோ வியாபாரியோ வலைக்கும் மோட்டாருக்கும் முன்பணம் தருவார். பிடித்த மீனை அவர் வழியாகவே விற்க வேண்டும், அவருக்குக் கழிவு போகும். போக்கரில் ‘ஸ்டேக்கிங்’ என்று ஒரு முறை: ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் ஆடுவார், நட்டம் கணக்கில் ஏறி நிற்கும், அது தீர்ந்த பிறகே லாபத்தில் பங்கு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் ஏறக்குறைய ஒரே ஒப்பந்தத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். விளைவும் ஒன்றே. கடன்பட்டவர் தன் கையிருப்பு தாங்காத படியில் நிற்கிறார். அதைவிட்டு இறங்கும் முடிவு அவர் கையில் இல்லை. வித்தியாசம், நட்டம் பரவும் விதத்தில். படகில் எண்ணெய்ச் செலவைக் கழித்தபின் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பதால், மோசமான நாள் பல வீடுகளுக்குச் சிறு சிறு அளவில் போய்ச் சேரும். திரைக்கு முன்னால் உட்கார்ந்தவரின் மோசமான இரவு முழுசாக ஒரே வீட்டுக்குப் போகிறது, அதுவும் பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரியாமல்.

இறங்குவதில்தான் இரண்டும் தலைகீழ். படகை விற்றால் வாங்கிய விலை வராது. கட்டுமரத்துக்குத் திரும்ப உடம்பும் ஒத்துழைக்காது. மேசையை விட்டு இறங்க ஒரு சொடுக்கு போதும், ஒரு காசு செலவில்லை. இருந்தும் இறங்கத் தயங்குவது போக்கர்காரர்தான். தோற்ற இடத்திலேயே மீட்க வேண்டும் என்ற வெறி அவரைக் கட்டிப்போடுகிறது. நான்கு பாடு தவறினால் படகைக் கரையேற்றிவிட்டு வேறொருவர் படகில் பங்குக்குப் போவது குப்பத்தில் அவமானமில்லை. கணக்கு தெளிவாக இருக்கும் பக்கத்தில் மனம் தடுமாறுகிறது. கணக்கே போட முடியாத பக்கத்தில் நிதானம் இருக்கிறது. 150 யூரோவில் ஏறு என்ற விதியோடு, 100-க்கு வந்தால் இறங்கு என்பதையும் ஏறும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளாதவர் இன்னும் ஏறத் தயாராகவில்லை என்பது என் கணிப்பு.

நிறுத்தத்தை வெளியிலிருந்து அரசு விதிப்பதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கட்டுமரத்துக்கு அந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டின் 2025 விதிகள் பண ஆட்டங்களை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நிறுத்தின; ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. கடல் தடை பெரிய படியில் நிற்பவரை மட்டும் தொடுகிறது. இரவுத் தடையோ ஒரு ரூபாய் வைப்பவரையும் ஆயிரம் வைப்பவரையும் ஒன்றாகவே தொட்டது. அதிலும் பிள்ளைச்சாவடி யூனியன் பிரதேசம் என்பதால், மாநில எல்லை தாண்டிச் சற்றுத் தெற்கே பொம்மையார்பாளையத்தில் செல்லுபடியான விதி இங்கே செல்லவில்லை. அந்த வேறுபாடு நீடித்தது நாடாளுமன்றச் சட்டம் வந்த ஆகஸ்ட் வரைதான்.