தனிக்கடிதங்களும் வரலாற்றுச் சான்றும்: டேவிட் மார்ஷல் ஆவணங்களை முன்வைத்து

அரசியல் தலைவர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் சட்டமன்றப் பதிவேடு, அரசறிக்கை, நாளிதழ் ஆகியவற்றையே முதலில் நாடுகின்றனர். வீட்டில் எஞ்சும் கடிதங்களும் பயண நினைவுப் பொருள்களும் துணைச்சான்றுகள் என்ற அளவிலேயே மதிக்கப்படுகின்றன. இம்மதிப்பீடு மறுஆய்வுக்குரியது என்பதைச் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரும் புகழ்பெற்ற குற்றவியல் வழக்கறிஞருமான டேவிட் மார்ஷலின் (1908–1995) தனிப்பட்ட ஆவணங்கள் உணர்த்துகின்றன. அவை சிங்கப்பூர்த் தென்கிழக்காசிய ஆய்வுக் கழக நூலகத்திற்கு வழங்கப்பட்டு அங்குப் பேணப்பட்டு வருகின்றன.

பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்தில் பிறந்த மார்ஷல், 1955 ஏப்ரலில் பதவியேற்றார். அனைத்துக் கட்சிக் குழு 1956இல் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிவழிக் கல்விக்கும் சம மதிப்பைப் பரிந்துரைத்தது அவரது ஆட்சிக் காலத்தில்தான். ஆதலின் அவ்வாட்சி தமிழாசிரியர்களுக்குத் தொடர்பற்றதன்று. எனினும், இலண்டனில் நடைபெற்ற தன்னாட்சிப் பேச்சுவார்த்தை உள்நாட்டுப் பாதுகாப்புச் சிக்கலால் முறிந்தது. 1956 ஜூனில் அவர் பதவி விலகினார். அலுவல்முறைச் சான்றுகளை மட்டுமே நோக்குவோருக்கு இது பதினான்கு மாதத் தோல்வியாகவே தோன்றும்.

பதவியிழந்த சில வாரங்களில் மார்ஷல் சீனாவுக்குச் சென்று ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பயணம் செய்தார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் 1996இல் நூலாக வெளிவந்தன. அப்பயணத்தின்போது பிரதமர் சூ என்லாயைச் சந்தித்து, சிங்கப்பூர்க் குடியுரிமை பெறும் சீனர்களின் பற்றுறுதி எந்நாட்டுக்குரியது என்னும் வினாவை எழுப்பினார். ஷாங்காயில் சிக்கியிருந்த யூதர்களுக்காகவும் பரிந்து பேசினார். அதன்பின் பலர் வெளியேற அனுமதி பெற்றனர். அப்போது அவர் எந்த அரசுப் பதவியிலும் இல்லை. எனவே இம்முயற்சியின் தடத்தை அமைச்சகக் கோப்புகளில் மட்டும் தேடினால் அது முழுமையாகக் கிட்டாது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதை இப்பின்னணியோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இதனால் தனிக்கடிதம் எப்போதும் உண்மையே பேசும் என்பது பொருளன்று. கடிதம் ஒருவரை நோக்கி எழுதப்படுவது; எழுதுவோர் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினார் என்பதும் அதில் கலந்திருக்கும். ஆகவே நாளிதழ்ச் செய்தியோடும் பிறர் குறிப்போடும் அதனை ஒப்பிட்டே ஏற்க வேண்டும். நினைவுப் பொருளுக்கும் இது பொருந்தும். நாளும் இடமும் உரியவர் பெயரும் குறிக்கப்படாத நிழற்படம் விரைவில் ஊமையாகிவிடும்.

மார்ஷல் அறியப்பட்ட தலைவர். அவரது தாள்களுக்கு நூலகம் இடமளித்தது. ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திறங்கிய நம் முன்னோரின் பயணச்சீட்டுகளும், ஊரிலிருந்து வந்த அஞ்சல்களும் எங்கே? வீடு மாறும்போதும் முதியோர் மறையும்போதும் அவை குப்பைக்குச் செல்கின்றன. தோட்டத் தமிழரின் வரலாற்றைத் துரைமார்களின் அறிக்கைகளிலிருந்தே எழுத நேர்ந்தமைக்கு இவ்விழப்பும் ஒரு காரணமாகும். தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம் வீட்டிலுள்ள ஒரு பழைய கடிதத்தைக் கொணரச் செய்து, எழுதியவர், பெற்றவர், நாள், ஊர் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பதியச் செய்யலாம். குடும்பத்தாரின் இசைவோடு அவற்றின் படிகளேனும் நூலகங்களைச் சென்றடைதல் வேண்டும்.