கடை யார் பெயரில்? சைகோன் தரும் படிப்பினை

காரைக்காலில் சபர் செல்லாத குடும்பம் அரிது. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன் என நம் முன்னோர் கடல் கடந்து வணிகம் செய்த செய்திகளைக் கேட்டே நாம் வளர்ந்தோம். அவர்கள் பட்ட பாட்டையும் ஈட்டிய பொருளையும் நினைவுகூரும் நாம், எந்தச் சட்டத்தின் கீழ் அவர்கள் கடை வைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாறு இன்று வெளிநாட்டில் தொழில் தொடங்க முனையும் நம் இளைஞர்களுக்கு மிகவும் தேவையானது.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1859இல் சைகோனைக் கைப்பற்றிய பிரான்சு, 1862ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கொச்சின்சீனாவின் மூன்று மாகாணங்களைத் தனதாக்கிக்கொண்டது. இரு ஊர்களும் ஒரே கொடியின் கீழ் வரவே, நம் பகுதியினருக்கு அங்கே வழி திறந்தது. தமிழ் முஸ்லிம்கள் சைகோனில் துணிக்கடைகளும் பிற வணிகங்களும் நடத்தினர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அந்நகரின் நடுவே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையுடன் விளங்குகிறது.

கொடி ஒன்றாயினும் உரிமை ஒன்றாயிருக்கவில்லை. 21.9.1881 அன்று பிறந்த ஆணையின்படி, பிரெஞ்சிந்தியர் ஒருவர் தம் சமயவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம். குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொள்ள வேண்டும். அத்துறவு மனைவியையும் வயது வராத மக்களையும் கட்டுப்படுத்தும். திரும்பப் பெற இயலாது. துறந்தோருக்குச் சைகோன் அரசுப் பணிகளில் வாய்ப்புகள் விரிந்தன. ஆயினும் திருமணமும் வாரிசுரிமையும் ஷரீஅத்தின்படி அமைய வேண்டும் என்பதால், முஸ்லிம்களில் துறந்தோர் மிகச் சிலரே. ஒரு கையெழுத்தின் விலை என்ன என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தே முடிவு செய்தனர்.

மலாயாவில் நிலைமை வேறு. பிரிட்டிஷ் குடிகள் அல்லாதோரின் வருகையைக் கட்டுப்படுத்தும் அயலார் சட்டம் அங்கே 1933இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாகூரார் அச்சட்டத்துக்கு அயலார் அல்லர். பக்கத்து ஊராகிய காரைக்காலில் பிறந்த பிரெஞ்சுக் குடியோ அயலார். ஒரே மொழி, ஒரே மார்க்கம், ஒரே தொழில். எனினும் துறைமுகத்தில் கேட்கப்பட்டது எவருடைய குடி என்ற கேள்வியே.

பேரிடி 1956இல் விழுந்தது. தென் வியட்நாம் அரசு அவ்வாண்டு செப்டம்பர் 6 அன்று பிறப்பித்த 53ஆம் எண் ஆணை, துணி, அரிசி, மளிகை, இறைச்சி, மீன் உள்ளிட்ட 11 தொழில்களை வெளிநாட்டவருக்குத் தடை செய்தது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கடையை மூட வேண்டும். அல்லது வியட்நாம் குடிமக்களிடம் ஒப்படைக்க வேண்டும். சீன வணிகர்களே இதன் முதன்மை இலக்கு. ஆனால் சட்டம் அயலார் எவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பலர் அந்நாட்டுக் குடியுரிமை கொண்ட மனைவி, மக்கள் பெயருக்குக் கடையை மாற்றிப் பிழைத்தனர். 1975இல் ஆட்சி மாறியது. 1978 மார்ச்சில் தனியார் பெருவணிகமே அங்கு ஒழிக்கப்பட்டது.

இதற்கிடையே நம் ஊரின் குடியுரிமையும் மாறியது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தோர், ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுத்து மூலம் வேண்டினாலன்றி இந்தியராயினர். அந்நாளில் இந்தியாவுக்கு வெளியே வசித்தோரோ பிரெஞ்சுக் குடிகளாகவே தொடர்ந்தனர். ஒரு தாய் மக்கள் இரு நாட்டவராக நின்ற குடும்பங்கள் அவ்வாறு உருவாயின.

இன்றைய சட்டங்களும் அதே வினாக்களையே எழுப்புகின்றன: நீர் எந்நாட்டவர்? கடை யார் பெயரில்? பணியாளர் யார்? அமீரகத்தில் உள்நாட்டவருக்கு 51 விழுக்காடு பங்கு தர வேண்டும் என்ற நெடுங்கால விதி, 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் கம்பெனி பதிவு செய்ய, அந்நாட்டில் வசிக்கும் இயக்குநர் ஒருவரேனும் வேண்டும். சவூதியில் 2011 முதல் நிதாகத் முறைப்படி, நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் சவூதியரைப் பணியமர்த்த வேண்டும். சவூதியர் பெயரில் உரிமம் எடுத்து, அனுமதியற்ற வெளிநாட்டவர் உண்மை முதலாளியாக இருப்பது அங்கே குற்றம். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுச் சிறையும் ஐம்பது இலட்சம் ரியால் அபராதமும் வரை தண்டனை உண்டு.

பிறர் பெயரில் கடை வைத்துவிட்டு நம்பிக்கையே போதும் என்றிருப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். அந்தப் பெயருக்குரியவர் மறைந்தாலோ மனம் மாறினாலோ, இருபதாண்டு உழைப்புக்கு எந்த நீதிமன்றத்தில் சான்று காட்டுவது? பங்கு, உரிமம், பணியாளர் விசா ஆகியவற்றை முதற்சரக்கு இறங்குமுன்னரே உறுதி செய்து எழுதி வாங்குதல் நலம். திருமறையின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைக்கும் முறையைப் பற்றியதே. நம்பிக்கையுள்ளோருக்கே அக்கட்டளை என்பதை மறவாதிருப்போமாக.