தங்கவயலின் நெஞ்சுப் படங்களும் ரேடியோகிராபரின் பரீட்சையும்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு செல்லும் ரயில் பாதையில், குப்பத்தை அடுத்து வருகிற சிறிய நிலையம் குடுபல்லி. மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் இடம். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்கிறவர்கள் இங்கே நிறைய. குடுபல்லி மண்டலத்துக்குள்தான் சிகர்குண்டா, பிசாநத்தம் தங்கச் சுரங்கங்கள் இருக்கின்றன. கோலார் தங்கவயலின் பாறைப் படுகை தெற்கே நீண்டு வந்து முடிகிற பகுதி இது. 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தங்கவயலை மூடியதோடு இவையும் ஓய்ந்தன. ரேடியோகிராபர்களுக்கான தகுதித் தேர்வைப் பற்றிப் பேச ஒரு சுரங்கப் பகுதியிலிருந்து தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் எக்ஸ்ரே படம் மருத்துவரின் கைக்குறிப்பு என்ற நிலையைத் தாண்டி, ஒரு தொழிலாளியின் வேலையையும் நஷ்டஈட்டையும் தீர்மானிக்கிற சாட்சியாக இந்தியாவில் மாறிய இடங்களில் முக்கியமானது தங்கவயல். சாட்சியை உண்டாக்குகிறவரின் அறிவைச் சோதிக்காமல் அந்தச் சாட்சியத்தை ஏற்கக் கூடாது, வாழ்நாளில் ஒரே முறை சோதிப்பதும் போதாது என்பது என் கருத்து. இந்தச் சுற்றுவட்டாரத்தின் நூறாண்டு வரலாறே அதற்கு ஆதாரம் தருகிறது.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய தங்கவயலில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துத் தமிழர்களும் தெலுங்கர்களும். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அதைத் துளையிட்டால் கிளம்புவது சிலிக்காத் தூசி. நுரையீரலில் படிந்த தூசி ஆண்டுக்கணக்கில் திசுவை இறுக்கி, சிறுசிறு முடிச்சுகளாக ஆக்கும். சிலிகோசிஸ் எனப்படும் இந்த நோய் தொடக்கத்தில் இருமலும் இளைப்புமாகத்தான் தெரியும். காசநோயிலிருந்தும் வயோதிகத்திலிருந்தும் அதை உயிரோடிருக்கும்போதே பிரித்துக் காட்டியது எக்ஸ்ரேதான். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்கு சிலிகோசிஸ் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1947இல் வெளிவந்த இந்தக் கணக்கு இந்தியாவின் தொழில்நோய் வரலாற்றில் இன்றும் முதல் வரியாக மேற்கோள் காட்டப்படுகிறது. அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அனேகமாகக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் படங்களை எடுத்தவர்கள் யார், எவ்வளவு கற்றவர்கள்? கணக்கைச் சந்தேகிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. அந்த விழுக்காடு, ஒவ்வொரு படத்திலும் கதிரை அளவிட்ட கைகளின் மேல்தான் நிற்கிறது.

கதிர் கொஞ்சம் குறைந்தால் படம் வெளிறிப்போகும். வெளிறிய படத்தில் சாதாரண ரத்தக்குழாய் நிழல்கூட முடிச்சுபோலத் தோன்றி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். கதிர் கூடினால் படம் கறுத்து, நிஜமான சின்ன முடிச்சுகள் மறைந்துவிடும். முதல் தவறில் நிறுவனம் தேவையில்லாமல் பணம் கொடுக்கும். இரண்டாவதில் தொழிலாளி மீண்டும் தூசிக்குள் இறங்குவார். நெஞ்சுப் படத்தை ஆறடி தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். இடப்பற்றாக்குறையால் ஐந்தடியில் எடுத்து, மற்ற அளவுகளை மாற்றாமல் விட்டால் ஃபிலிமுக்குக் கிடைக்கும் கதிர் 44 விழுக்காடு கூடிவிடும். தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற, தேர்வுக்குப் படிக்கிற எவரும் முதல் வாரத்தில் போடுகிற கணக்கு இது. ஆள் சற்றே திரும்பி நின்றால் கழுத்தெலும்புகள் இரண்டும் முதுகெலும்பு முள்ளிலிருந்து சமதூரத்தில் இராது. ஒரு பக்க நுரையீரல் கறுத்து மறுபக்கம் வெளுக்கும். மூச்சை முழுதாக இழுக்காவிட்டால் அடிப்பகுதி நெருங்கி, நோய்போலத் தெரியும். தோள்பட்டை எலும்பை முன்னால் தள்ளச் சொல்லாவிட்டால் அதன் நிழல் விழும். இவையெல்லாம் முடிந்தாலும் இருட்டறை மிச்சமிருக்கிறது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டுமென்பது பாடம். குளிர்சாதனமில்லாத நம் ஊர் இருட்டறையில் மே மாதத்தில் அதை அந்த அளவில் நிறுத்துவது பெரும்பாடு. சூடேறிய கரைசலில் ஃபிலிம் புகைமூட்டம் கண்டுவிடும். தொழில்நோய்ப் படங்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்திருக்கும் முறையில், நோயின் அளவை எழுதுவதற்கு முன்பாகவே படத்தின் தரத்துக்கு 1 முதல் 4 வரை ஓர் எண் போட வேண்டியிருக்கிறது. 4 வாங்கிய படத்தை வாசிக்கவே கூடாது. எடுத்தவரின் திறமைக்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் நோயாளியின் நுரையீரலுக்கு வர முடியும் என்று உலகமே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

தேர்வு என்ற ஏற்பாடும் தகுதியற்ற கை குறித்த அச்சத்திலிருந்தே பிறந்தது. ரான்ட்கன் 1895 நவம்பரில் கதிரைக் கண்டறிந்த பிறகு முதல் இருபது ஆண்டுகள் கருவியை இயக்கியவர்களில் புகைப்படக்காரர்கள், மின்பணியாளர்கள், கம்பவுண்டர்கள் என எல்லோரும் உண்டு. கதிரால் கை கருகி, விரல் இழந்து, உயிரிழந்தவர்களின் பட்டியல் நீண்டது. 1936இல் ஹாம்பர்கில் எழுப்பிய நினைவுத்தூணில் முதலில் பொறிக்கப்பட்டவை 169 பெயர்கள். 1920இல் இங்கிலாந்தில் ரேடியோகிராபர் சங்கமும் 1922இல் அமெரிக்காவில் பதிவகமும் தோன்றி, சில ஆண்டுகளுக்குள் தேர்வுகளைத் தொடங்கின. கூடவே இங்கிலாந்தில் மருத்துவர்கள் ஒரு கோடும் கிழித்தார்கள்: படம் எடுப்பவர் அறிக்கை எழுதக் கூடாது. எடுப்பது கைவேலை, வாசிப்பதே அறிவு என்ற பாகுபாடு அன்று விதியானது. அதன் நிழல் இன்றும் நம் மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலில் தெரிகிறது. சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவு 1934இல் பார்னார்டு கதிரியல் நிலையமாக வளர்ந்தபோது, கேப்டன் டி.டபிள்யூ. பார்னார்டின் பெயரைத் தாங்கிய அந்த நிலையம் ஆசியாவின் முன்னோடிகளில் ஒன்றாக இருந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் அரசு வேலைக்குத் தகுதியாக நிலைத்த சிஆர்ஏ என்ற ரேடியாலஜி உதவியாளர் சான்றிதழில், ‘உதவியாளர்’ என்ற அந்தப் பதவிப் பெயரே அன்று கிழித்த கோட்டை நினைவூட்டும். சித்தூர் பக்கத்துக்கு அருகிலிருந்த பெரிய பயிற்சிக்கூடங்களில் வேலூரும் சென்னையும் அடங்கும். குப்பத்தில் பிஇஎஸ் மருத்துவக் கல்லூரி வந்தது இந்த நூற்றாண்டில்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. சான்றிதழ் இல்லாதவர்களே பல பத்தாண்டுகள் கிராமப்புற எக்ஸ்ரே சேவையைச் சுமந்தார்கள். கைப்பழக்கம் தந்த நுட்பத்தைப் பரீட்சைத்தாள் தருமா? மேலும், எவ்வளவு நல்ல படமானாலும் வாசிக்கிறவர் தவறினால் என்ன பயன்? இந்த இரண்டாவது கேள்விக்கான ஆதாரம் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, மதனபள்ளியில் கிடைக்கிறது. அங்குள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையை மிஷன்கள் கூடி 1910களில் தொடங்கின. டென்மார்க் மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் முல்லரும் பின்பு அவர் மகன் யோஹான்னஸும் அதை நடத்தினார்கள். 1950 முதல் 1955 வரை சுற்றுக் கிராமங்களில் நோயில்லாதவர்களையும் சேர்த்து நெஞ்சுப் படம் எடுத்து யோஹான்னஸ் செய்த ஆய்வு, 1960இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியாகி, கிராம இந்தியாவில் காசநோய் எவ்வளவு என்பதற்கு அடிப்படையானது. அதே காலத்தில் அமெரிக்காவில் யெருஷால்மியும் குழுவினரும் வேறொன்றை நிரூபித்திருந்தார்கள். ஒரே படக்குவியலைத் தேர்ந்த மருத்துவர்கள் வாசித்தபோது, ஒருவர் கண்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மற்றவரிடமிருந்து மாறுபட்டார்கள். அதே மருத்துவர் இரண்டாம் முறை பார்க்கும்போது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தன்னிடமிருந்தே மாறுபட்டார். பெங்களூருவில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனம், எக்ஸ்ரேயின் செலவையும் அது கேட்கும் ஆள்பலத்தையும் இந்தக் குழப்பத்தையும் எடைபோட்டு, 1962இன் தேசியத் திட்டத்தில் கிராம நிலையங்களுக்குச் சளிப் பரிசோதனையை முதன்மையாக்கியது. எக்ஸ்ரே தோற்றது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. அதே திட்டம் மாவட்டக் காசநோய் மையத்தின் குழுவில் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கும் இடம் கொடுத்து, அவரையும் பெங்களூருவுக்கு வரவழைத்துப் பயிற்சி தந்தது. வாசிப்பதில் தவறு இவ்வளவு இருக்கும் என்று தெரிந்த பின், எடுப்பதிலாவது தவறு குறையட்டும் என்பதே அதன் உட்பொருள். இரண்டு பிழைகளும் ஒன்றை ஒன்று ரத்து செய்வதில்லை, பெருக்கிக்கொள்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், நெஞ்சுப் படம் எடுத்திராவிட்டால் 42.6 விழுக்காடு நோயாளிகள் தப்பியிருப்பார்கள் என்று தெரிந்தது. ஒதுக்கியதாக நினைத்த கருவி கைப்பெட்டி அளவில் திரும்பவும் கிராமத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. கைப்பழக்கம் பற்றிய முதல் கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. பழகிய கை பழகிய கருவியில் அருமையாக வேலை செய்யும்; கருவி மாறும்போது ஏன் என்று தெரிந்தவர்தான் ஈடுகொடுப்பார்.

கருவி மாறித்தான் விட்டது, அடுத்த மறுப்பும் அங்கிருந்தே வருகிறது. டிஜிட்டல் கருவி வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்கிறது, இருட்டறை மூடப்பட்டது, காசநோய்ப் படத்தைக் கணினியே வாசிக்கலாம் என்று 2021இல் உலக சுகாதார அமைப்பே பரிந்துரைத்துவிட்டது. இனி கேவி, எம்ஏஎஸ் என்ற கதிரளவுக் கணக்கை எதற்கு மனப்பாடம் செய்வது? வேறெங்கையும்விட இங்கேதான் அந்தக் கணக்கு அவசியம் என்பேன். பழைய ஃபிலிம் தவறைக் காட்டிக்கொடுத்தது. கூடுதல் கதிர் விழுந்தால் படம் கரிக்கட்டைபோல வரும், அடுத்த நோயாளிக்கு ஆபரேட்டர் குறைத்துக்கொள்வார். டிஜிட்டலில் கூடுதல் கதிர் படத்தைக் கெடுப்பதில்லை, மணிமணியாக்குகிறது. மங்கல் குறைந்த அழகான படத்துக்கு மருத்துவரும் பாராட்டுவார். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரளவு ஏறுவதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. திரையின் ஓரத்தில் தோன்றும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது புலப்படும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்ப்பணியாளருக்கு வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். அதை டிஎல்டி பேட்ஜ் கண்காணிக்கும். நோயாளி பேட்ஜ் அணிவதில்லை. அவருக்குக் காவல் அந்த அறையில் நிற்பவரின் படிப்பு மட்டுமே.

எல்லாத் தேர்வுகளும் நல்ல தேர்வுகள் என்று நான் வாதாடவில்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தாள், பழைய வினாத்தாள் தொகுப்பை உருப்போட்டவரைத் தேர்ச்சியாக்கிவிடும். நோயாளியைச் சரியாக நிறுத்தத் தெரிகிறதா என்று அது கேட்பதில்லை. குடுபல்லியிலிருந்து வரும் பிள்ளை தமிழில் யோசித்து, தெலுங்கில் பள்ளி முடித்து, ஆங்கிலத்தில் கதிர் இயற்பியல் எழுத வேண்டியிருப்பதும் அநியாயம்தான். ஆனால் இந்தக் குறைகள் தேர்வைத் திருத்தச் சொல்கின்றனவே தவிர, எடுத்துவிடச் சொல்லவில்லை. தேர்வில்லாத இடத்தில் சிபாரிசு உட்காரும், அதில் முதலில் தோற்பவரும் அதே பிள்ளைதான்.

வெளிநாட்டு அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது. அமெரிக்காவில் சுரங்கத் தொழிலாளர் படங்களை வாசிக்கும் மருத்துவர்களுக்குள் இருந்த முரண்பாடு 1970களில் வெளிப்பட்டபோது, ‘பி ரீடர்’ என்ற தேர்வைக் கொண்டுவந்தார்கள். 125 படங்களை ஆறு மணி நேரத்தில் வாசிக்க வேண்டியிருந்தது, தேறியவரும் சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபடி எழுத வேண்டியிருந்தது. படமெடுப்பவர்களுக்கும் அங்கே 2011 முதல் தரப்படும் சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான். அதற்குள் அறிவை மறுமதிப்பீடு செய்து, குறைவான பகுதியைப் படித்து முடிக்க வேண்டும். நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம் கதிர்ப்பட வல்லுநர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்து, பொதுவான வெளியேறும் தேர்வுக்கும் இடம் வைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் ஒருமுறை தேறியவரைத் திரும்பக் கேட்கும் வழக்கத்தை உண்டாக்காவிட்டால், ஃபிலிம் காலத்தில் தேறியவர் கைப்பெட்டிக் கருவியோடு கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருப்பார்.

சிகர்குண்டா, பிசாநத்தம் பகுதி ஏலத்தில் பொதுத்துறைச் சுரங்க நிறுவனமான என்எம்டிசிக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே சுரங்கம் திரும்பத் திறந்தால், குவார்ட்ஸ் தூசியும் திரும்ப வரும். 1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் வேலையில் சேரும்போதும், பின்பு ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியிலும் தொழிலாளரைச் சோதிக்கச் சொன்னவை. அந்தச் சோதனையின் மையம் நெஞ்சுப் படம். வேலைவாய்ப்பில் உள்ளூர்ப் பங்கு எவ்வளவு என்று குடுபல்லிக்காரர்கள் நிறுவனத்திடம் நிச்சயம் கேட்பார்கள். நெஞ்சுப் படம் எடுக்கப்போகிறவர் கடைசியாக எந்த ஆண்டு தேர்வெழுதினார் என்பதையும் அந்த மனுவிலேயே ஒரு வரியாகச் சேர்த்துக் கேட்க வேண்டும்.